கோணப்பனைக் கடல்

சுங்குவார்சத்திரத்தில் இறங்கி, கடல் தணிகாசலம் வீடு எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். கடல் எங்கே, சுங்குவார்சத்திரம் எங்கே! ஆனாலும் அந்தப் பெயர் மூன்று தலைமுறையாக அந்த வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. தாத்தா சுப்பராயன் நாடகக் கம்பெனிகளுக்கு வர்ணத்தில் திரைச்சீலை எழுதியவர். அரண்மனைக்கும் காட்டுக்கும் ஊருக்கு ஊர் ஆள் இருந்தார்கள். கடல் வேண்டுமென்றால் மட்டும் ஆர்க்காட்டிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு சுப்பராயனைத் தேடி வந்தார்கள். பிறகு தணிகாசலத்தின் அப்பாவும் கடல்தான் எழுதினார். தணிகாசலம் காலத்தில் போட்டோ ஸ்டூடியோக்கள் பெருகின. புதுமணத் தம்பதிகள் நிற்பதற்கும் தவழும் குழந்தைகளைப் படுக்கவைப்பதற்கும் பின்னால் ஒரு கடல் எல்லாருக்கும் வேண்டியிருந்தது. அவருக்குக் கை ஓயாத வேலை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாத்தா சுப்பராயன் ஆயுளில் ஒரு தடவைகூடக் கடலைப் பார்த்ததில்லை. ஐப்பசிக் காற்றில் ஸ்ரீபெரும்புதூர் ஏரித் தண்ணீர் கரையில் வந்து மோதுவதைப் பார்த்துத்தான் அலை எழுதக் கற்றுக்கொண்டார். அவர் முதன்முதலில் எழுதியது ராமர் பாலம் கட்டும் காட்சிக்கு. பாலம் போய்ச் சேர இலங்கை வேண்டுமல்லவா? எதிர்க்கரையில் ஒரு பச்சைக் கோடு இழுத்து, அதன்மேல் மூன்று பனைமரம் நிறுத்தினார். அதுதான் இலங்கை. அப்பா அதைப் பார்த்து எழுதினார். அப்பாவைப் பார்த்துத் தணிகாசலம் எழுதினார். வள்ளி திருமணமோ செட்டியார் வீட்டுக் கல்யாண போட்டோவோ, அந்த வீட்டுக் கடல் எதுவானாலும் எதிர்க்கரையில் மூன்று பனை நிற்கும்.

இருபத்தைந்தாவது வயதில் ஒரு சிநேகிதன் கல்யாணத்துக்கு மகாபலிபுரம் போன தணிகாசலம், மாலையில் கரைக்குப் போனார். போனவர் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். எதிர்க்கரை இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார், இல்லவே இல்லை. ஊர் திரும்பி அப்பாவிடம் சொன்னபோது அப்பா கலங்கவில்லை. எதிர்க்கரை இல்லையென்றால் ராமர் எங்கே போவார் என்று கேட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார். தணிகாசலம் மறுபடி தூரிகையை எடுத்துக்கொண்டார். கை பழகியபடியே எழுதிக்கொண்டிருந்தது.

இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவரைக் கேலி செய்வது அவர் தங்கை காஞ்சனாவுக்கு வழக்கம். தணிகாசலத்தின் மனைவி போய்ச் சேர்ந்து வெகு நாளாகிறது; பிள்ளை இல்லை. காஞ்சனாவும் அவள் ஆறு வயது மகள் கங்காவும்தான் அவருடன் இருந்தார்கள். காஞ்சனாவின் கணவன் பாண்டுரங்கன் தையற்காரன். நாலு வருஷத்துக்கு முன்னால், சிங்கப்பூரில் துறைமுக வேலை என்று சொல்லி ஒரு தகரப் பெட்டியுடன் பஸ் ஏறினான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். கப்பலில் வேலை செய்யும் சிநேகிதன் மெட்ராஸில் தபாலில் சேர்க்கிறான் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருந்ததால், உறைமேல் மெட்ராஸ் முத்திரை இருப்பதை யாரும் கேட்கவில்லை. போன வருஷத்திலிருந்து கையெழுத்து மாறியிருந்தது. வேலை ஜாஸ்தி, பக்கத்து ஆளை விட்டு எழுதுகிறேன் என்றிருந்தது. அதையும் நம்பினார்கள். அவன் விட்டுப்போன மிஷினில் காஞ்சனா அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கை தைத்துக்கொடுத்து வந்தாள்.

அறுபத்தைந்தாம் வருஷம் பங்குனி மாதம். தணிகாசலம் வாசல் வேப்பமரத்தடியில் துணியைக் கட்டி நீலம் பூசிக்கொண்டிருந்தார். காஞ்சனா கையில் ஒரு போட்டோவுடன் வந்தாள். பாண்டுரங்கன் அனுப்பியிருந்தானாம், தான் இருக்கும் இடத்துக் கடலோரத்தில் எடுத்தது என்று எழுதி.

"ணா, உன் தொழிலுக்கு ஆபத்து வந்துட்ச்சி," என்றாள். "கடலுக்கு அந்தப் பக்கம் கரையே கெடையாதுன்னு எத்தினி தடவ சொல்லிகினு இருந்த? சிங்கப்பூர் கடல்ல கரை கீது, பாரு. மரங்கூடக் கீது. கைய பாக்கெட்ல வுட்டுகினு தொரை மாதிரி நிக்கறாரு உன் மாப்ள."

தணிகாசலம் சிரித்துக்கொண்டே வாங்கினார். பாண்டுரங்கன் கோட்டுப் போட்டிருந்தான். கொஞ்சம் பூசினாற்போல முகம். இரண்டு கையும் கோட்டுப் பைக்குள். பின்னால் அலை. அலைக்கு அப்பால் கரை. கரையில் மூன்று பனை. நடுப்பனை மட்டும் இடுப்பில் அடிபட்டதுபோல் இடப்பக்கம் வளைந்திருந்தது.

அவர் கையிலிருந்த தூரிகை நீலத்தைக் கால்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. அவருக்குத் தெரியவில்லை.

அந்த வளைவு அவர் போட்டது. அந்தத் திரைக்கு இரண்டு அகலத் துணியைச் சேர்த்துத் தைக்க வேண்டியிருந்தது. தையல் ஓரிடத்தில் இழுத்துக்கொண்டு சுருங்கிவிட, அதை மறைக்க நடுப்பனையைச் சுருக்கத்தின் போக்கிலேயே வளைத்து எழுதினார். கோணப்பனை என்று வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். தைத்தவன் பாண்டுரங்கன். அதைத் தைத்த மாதம்தான் அவன் சிங்கப்பூர் புறப்பட்டது. அந்தத் திரை போன இடம் செங்கல்பட்டில் ஒரு ஸ்டூடியோ.

"இன்னா ணா, மொகம் மாறிட்ச்சி?" என்றாள் காஞ்சனா.

அவர் போட்டோவைத் திருப்பிக் கொடுத்தார். நிஜக் கடலைப் பார்த்தால் தன் கடல்மேல் வெட்கமாக இருக்கிறது என்று எதையோ சொன்னார். சின்ன வயதிலிருந்து தங்கையிடம் அவர் பொய் சொன்னதில்லை. அதனால் நன்றாகச் சொல்ல வரவில்லை. காஞ்சனா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு போட்டோவை முந்தானையால் துடைத்து, உள்ளே கொண்டுபோய்ப் பெருமாள் படத்தின் பின்னால் செருகிவைத்தாள்.

அன்று ராத்திரி திண்ணையில் படுத்து அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். சிங்கப்பூர் இல்லை. கடல் தாண்டவில்லை. இரண்டு மணி நேரப் பயணத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறான். அப்படியென்றால் இன்னொரு வீடு, இன்னொருத்தி. வேறென்ன இருக்க முடியும்? நல்ல பையன் என்று விசாரித்துக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். காஞ்சனாவுக்குப் புருஷன் இருக்கிறானா இல்லையா என்பதை இனி அவர்தான் போய்ப் பார்த்து வரவேண்டும்.

மறுநாள் காலை, வர்ணம் வாங்கச் செங்கல்பட்டு போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். காஞ்சனா ஏன் எதற்கென்று கேட்கவில்லை. கட்டுச்சோறு கொடுத்தாள். வழக்கத்தைவிட ஒரு உருண்டை அதிகமாக இருந்ததை அவர் பிறகுதான் நினைத்துப் பார்த்தார். ஒரகடம் வழியாகப் போகும் பஸ்ஸில் சிங்கப்பெருமாள் கோவில் சேர்ந்து, அங்கிருந்து ரயில் பிடித்தார். பாண்டுரங்கனைப் பார்த்ததும் என்ன கேட்பது என்று வழியெல்லாம் வார்த்தை அடுக்கிக்கொண்டே போனார். எல்லாம் சூடான வார்த்தைகள்.

ஸ்டூடியோக்காரர் ஏகாம்பரநாதன் நெற்றி நிறைய விபூதி பூசிய பெரியவர். கடல்காரர் வந்திருக்கிறார் என்று காபி வரவழைத்தார். தணிகாசலம் பாண்டுரங்கனின் அடையாளம் சொல்லிக் கேட்டதும் அவர் சிரிப்பு நின்றது. உறவா என்று கேட்டார். தங்கை புருஷன் என்றதும் வாசற்கதவை ஒருக்களித்துச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். அந்த மனிதர் ஊருக்கு வெளியே இருக்கும் குஷ்டரோக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாராம். வெளிநாட்டில் இருப்பதுபோல் ஒரு படம் வேண்டும், பெண்டாட்டி பார்க்கவேண்டும் என்று கேட்டாராம். வாசற்படியிலேயே நின்றாராம், உள்ளே வரலாமா என்று.

தணிகாசலம் காபி டம்ளர் சுடுகிறதா ஆறிவிட்டதா என்றே தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளைங்களுக்குப் போட்டுவிடற கோட்டுதான் குடுத்தேன்," என்றார் பெரியவர். "விரல் மடங்கினது நிமிரல. பொத்தானை நான்தான் போட்டுவிட்டேன். தையக்காரனாம். பொத்தான் போடத் தெரியாத தையக்காரனைப் பாத்திருக்கீங்களான்னு அவரே கேட்டுச் சிரிச்சார்."

தணிகாசலத்தின் வாயிலிருந்து ஒரு கேள்வி அவரை மீறி வந்தது. "அந்தக் கோட்டை அப்புறம் இன்னா பண்ணீங்க?"

"ஆணியில மாட்டினேன். அடுத்த முகூர்த்தத்துக்கு ஒரு மாப்பிள்ளை போட்டுக்கிட்டார். நோய் நின்னுடுச்சி, யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டர் எழுதிக் குடுத்த காகிதத்தை அவரே காட்டினார். நான் டாக்டரையும் நம்பறேன், ஏகாம்பரேஸ்வரரையும் நம்பறேன்."

ஆஸ்பத்திரி மரநிழலில் அமைதியாக இருந்தது. பாண்டுரங்கன் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வேறொரு நோயாளிக்குத் தினத்தாள் படித்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் முகம் முதலில் மலர்ந்தது. "மச்சான்," என்று எழுந்து நாலடி ஓடி வந்தான்.

தணிகாசலம் ஒரு அடி பின்னால் வைத்தார்.

வைக்கவேண்டும் என்று நினைத்து வைக்கவில்லை. கால் தானாகப் போய்விட்டது. பாண்டுரங்கன் அதைப் பார்த்தான். சட்டென்று நின்று, அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்பதுபோல், தானே இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான். கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டான். வழியெல்லாம் அடுக்கி வந்த வார்த்தைகளில் ஒன்றுகூடத் தணிகாசலத்துக்கு நினைவு வரவில்லை.

இருவரும் தள்ளித் தள்ளி உட்கார்ந்தே பேசினார்கள். ஐந்து வருஷம் முன்னால் ஒருநாள் இஸ்திரிப் பெட்டி கையில் பட்டு, தோல் கருகும் வாசனை வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிந்ததாம். வலியே இல்லை. அன்று வீட்டில் எல்லாரும், உனக்கு எருமைத் தோல் என்று சொல்லிச் சிரித்தது தணிகாசலத்துக்கும் நினைவிருந்தது. அவரும்தான் சிரித்தார். பிறகு காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டர் பார்த்துச் சொல்லிவிட்டார். சிங்கப்பூர் என்று சொல்லிப் புறப்பட்டவன் நேரே இங்கேதான் வந்தான். கம்பவுண்டர் மெட்ராஸ் போகும்போதெல்லாம் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பார். மாத்திரையில் நோய் அடங்கிவிட்டது. தை மாதமே வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவன்தான் போகவில்லை.

"நான் வந்தா அவ கெணத்துல கொடத்த வெக்க முடியுமா, மச்சான்?" என்றான். "கங்காவ நாளைக்கு எவன் கட்டுவான்? நான் சிங்கப்பூர்லயே இருந்துட்டுப் போறேன். பாத்தேன்னு அவகிட்ட சொல்லாத."

தணிகாசலம் தலையை ஆட்டினார். ஒன்று மட்டும் கேட்டார். "இத்தினி திரை இருக்க, அந்தக் கடலுக்கு முன்னாடி ஏன் நின்ன, மாப்ள? எனக்குத் தெரிஞ்சிடாதா?"

பாண்டுரங்கன் துண்டுக்குள் கைகளை இன்னும் இழுத்துக்கொண்டான். "கடல் ஒண்ணுதான் இருந்தது அவர்கிட்ட. கோட்டு மாட்டிகினு திரும்பினப்பதான் கோணப்பனையப் பாத்தேன். என் தையல். வேணான்னு சொல்லிட்டு வந்திருக்கலாம். வூட்டாண்ட நிக்கற மாதிரி இருந்தது. நவுர மனசு வரல."

திரும்பும் வழியில் சிங்கப்பெருமாள் கோவிலில் இறங்கியபோது வெயில் தாழ்ந்திருந்தது. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் குகைக் கோயிலுக்குள் போய் நரசிம்மர் முன்னால் நின்றார். பட்டாசாரியார் தீர்த்தப் பாத்திரத்துடன் வந்தார். தணிகாசலம் பழக்கத்தில் கையைக் குழித்து நீட்டினார். எந்த ஊர், எங்கே போய் வருகிறாய், யாரைப் பார்த்தாய் என்று பட்டாசாரியார் கேட்கவில்லை; துளசியுடன் தீர்த்தத்தை உள்ளங்கையில் விட்டுவிட்டு அடுத்த கைக்குப் போனார். அவர் பாட்டுக்கு விட்டார். எல்லாருக்கும் விடுவதுபோல.

தணிகாசலத்தால் அதை வாயில் வைக்க முடியவில்லை. நீட்டிய கைக்குத் தீர்த்தம் கிடைக்கிறது. நாலடி ஓடிவந்த ஒருவனுக்கு அவரிடம் என்ன கிடைத்தது? ஒரு அடி பின்னால். பிரகாரத் தூணில் சாய்ந்துகொண்டு, ஐம்பது வயதுக்குப் பக்கத்தில் இருந்த அந்த மனிதர், கையில் தீர்த்தம் விரலிடுக்கில் ஒழுகி முடியும்வரை அழுதார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தார். கங்கா தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள். காஞ்சனா மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஆனால் தைக்கவில்லை. அவர் கையில் வர்ணப் பொட்டலம் இல்லாததைப் பார்த்தாள்.

"பாத்தியா?" என்றாள்.

"யாரை?"

"கோணப்பனைத் துணிய அவரு தெச்சப்ப அந்தக் கோடியில புடிச்சிகினு இருந்தது யாரு, ணா? நான் கைய இழுத்ததுலதான் சுருங்கிச்சி. உறையப் பிரிச்ச ஒடனே தெரிஞ்சிட்ச்சி எனக்கு."

தணிகாசலம் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று காலையிலிருந்து எத்தனையோ அடி விழுந்திருந்தது. இது அவர் கொஞ்சமும் எதிர்பாராதது. நாலு நாள் அந்தப் போட்டோவைத் தனியாக வைத்துக்கொண்டிருந்தாளாம். தனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று பார்க்கத்தான் கேலி பேசிக்கொண்டு அவரிடம் காட்டினாளாம். அவர் வாய் குழறிப் பொய் சொன்னதும் உறுதியாகிவிட்டதாம்.

"அவ யாரு?" என்று கேட்டாள். குரல் தட்டையாக இருந்தது.

சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்தது அவருக்கு நினைவிருந்தது. ஆனால் இல்லாத ஒருத்தியை நினைத்துக்கொண்டு இவள் இன்னும் ஒரு நாள் உட்கார்ந்திருக்க விடுவது எப்படி? "அவன்னு யாரும் இல்ல, காஞ்சனா," என்றார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். இஸ்திரிப் பெட்டி, கோட்டுப் பொத்தான், தை மாதம். தான் பின்னால் வைத்த அடியையும் மறைக்கவில்லை.

காஞ்சனா வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. தெருவில் கங்கா யாரையோ துரத்தும் சத்தம் கேட்டது. மிஷின் பலகைமேல் கிடந்த ரவிக்கைத் துணியை நாலாக மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"எந்தக் கை?" என்று கேட்டாள்.

"ரெண்டும்."

"ஊசி புடிக்க முடியாதா?"

"முடியாது."

"கால்?"

"கால் நல்லாத்தான் கீது."

"மிஷின கால்லதான மிதிக்கணும்," என்றாள் காஞ்சனா.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் போனார்கள். ஆஸ்பத்திரி மரத்தடியில் பாண்டுரங்கன் அவளைக் கண்டதும் எழுந்து பின்னால் போனான். இரண்டடி, நாலடி, சுவர் வரும்வரை போனான். அவள் நிற்காமல் நடந்து அவனிடம் போனாள். அவன் சட்டையில் இரண்டு பொத்தான் போடாமல் கிடந்தது. அவள் எதுவும் பேசாமல் அந்த இரண்டையும் போட்டுவிட்டாள். பிறகுதான் அழுதாள். அவனையும் அழைத்துக்கொண்டு திரும்பி வரும்போது பஸ்ஸில் இருவர் உட்காரும் இருக்கை ஒன்று காலியாயிற்று. தணிகாசலம் காஞ்சனாவை வேறிடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, பாண்டுரங்கன் பக்கத்தில் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார். நேற்று வைத்த அடிக்கு அவருக்குத் தெரிந்த பரிகாரம் அதுதான்.

ஊர் ஊராகத்தான் இருந்தது. டாக்டர் எழுதிய காகிதத்தைப் படித்துக் காட்டியும், காஞ்சனா கிணற்றடிக்கு வந்தபோது சிலர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். எதிர்வீட்டுப் பாப்பம்மாள் மட்டும் நகரவில்லை. யாரையும் திட்டவும் இல்லை, நியாயம் பேசவும் இல்லை. தான் சேந்திய தண்ணீரைக் காஞ்சனாவின் குடத்தில், இரண்டு குடத்தின் வாயும் உரச, ததும்ப ஊற்றினாள். நாளைக்கும் இந்த நேரத்துக்கே வா, எனக்குத் தனியாக இழுக்கக் கை வலிக்கிறது என்றாள். பாப்பம்மாளுக்குக் கையில் ஒரு வலியும் கிடையாது. மூன்றாம் வாரம் நகர்ந்தவர்களில் இரண்டு பேர் திரும்ப வந்துவிட்டார்கள். சிலர் கடைசிவரை வரவேயில்லை.

சித்திரையில் புதிதாக ஒரு கடலுக்குச் சொல்லியிருந்தார்கள். பெரிய திரை, இரண்டு அகலம் சேர்க்க வேண்டும். பாண்டுரங்கன் மிஷினில் உட்கார்ந்து மிதித்தான். துணியை வழிநடத்தியது காஞ்சனாவின் கை. முதல் சாணில் நூல் அறுந்தது. அவசரப்படாதே என்று அவனும், நீ நிறுத்தி மிதி என்று அவளும் சண்டை போட்டுக்கொண்டார்கள். முடித்து விரித்தபோது தையல் நூல் பிடித்ததுபோல் நேராக இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. பாண்டுரங்கன் மணிக்கட்டால் அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

தணிகாசலம் அலை எழுதினார். எதிர்க்கரைக்குப் பச்சை இழுத்தார். முதல் பனையை நிறுத்திவிட்டு, நடுப்பனைக்கு வந்தபோது மறைக்க அங்கே எந்தக் கோணலும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

வளைத்தே எழுதினார்.